47ஆ, 232ஆ? கலிபோர்னியா கவுன்டிகளின் பரப்பளவுக் கணக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளையும் (நம் மாவட்டங்கள் மாதிரி) பரப்பளவு வாரியாக அடுக்கிப் பார்த்த ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓர் இடத்தில் 47 சதுர மைல் என்றும் இன்னோர் இடத்தில் 232 என்றும் போட்டிருக்கிறதே, எது சரி? ஒரே மாநிலத்துக்குள் ஒரு கவுன்டி உள்ளங்கை அகலத்திலும் இன்னொன்று நம் ஊர் மாநிலம் ஒன்றின் அளவிலும் இருப்பது எப்படி? அவ்வளவு பெரிய சான் பெர்னார்டினோவை ஏன் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள்?

எல்லைக் கோடும் வரைபடமுமாகத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டுமே சரி. 47 என்பது தரை மட்டும் (துல்லியமாக 46.9). 232 என்பது தரையும் தண்ணீரும் சேர்ந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஒவ்வொரு கவுன்டிக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியாகத் தருகிறது. அவர்களுடைய கோப்பைத் திறந்தால் ஏ-லேண்ட், ஏ-வாட்டர் என்று இரண்டு பத்திகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் சதுர மீட்டரில் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் தரைக்கு நேரே 12 கோடி சதுர மீட்டருக்குச் சற்று மேல் ஓர் எண், தண்ணீருக்கு நேரே அதைப் போல நாலு மடங்கு. அவசரத்தில் யாராவது இரண்டையும் கூட்டி "பரப்பளவு" என்று தலைப்புப் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை.

அந்த யாராவது நானாகவும் இருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மக்கள் நெருக்கத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். அதில் சான் பிரான்சிஸ்கோவும் ஆரஞ்சு கவுன்டியும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இருந்தன. மேலே இருந்தவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்பா, கடல்லயும் வீடு கட்டி ஆளைக் குடியேத்திட்டியா?" என்றார். 2020 கணக்கெடுப்பின் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் மக்கள்தொகை 8,73,965. இதை 232ஆல் வகுத்தால் சதுர மைலுக்கு 3,767 பேர்தான் வரும். 46.9ஆல் வகுத்தால் 18,600க்கும் மேல். ஆரஞ்சு கவுன்டி தரைக்கணக்கில் 4,029. அதாவது சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் தண்ணீரையும் சேர்த்து வகுத்தால், படியேறிப் படியேறி மூச்சு வாங்கும் அந்த நெரிசல் நகரம், தோட்டம் வைத்த வீடுகள் பரவிக் கிடக்கும் ஆரஞ்சு கவுன்டியைவிடக் காலியாக இருப்பதாக ஆகிவிடும்.

சரி, ஒரு நகரத்துக்கு எதற்கு 185 சதுர மைல் தண்ணீர்? மாநிலத்தின் உரிமை கரையிலிருந்து 3 கடல் மைல் வரை போகிறது, கவுன்டி எல்லையும் கூடவே போகிறது. விரிகுடாப் பக்கம் தண்ணீரின் நடுவில் கோடு. அதோடு, கோல்டன் கேட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 30 மைல் தள்ளி பசிபிக்கில் கிடக்கும் ஃபாரலோன் தீவுகளும் சான் பிரான்சிஸ்கோவுக்குத்தான் சொந்தம். பறவைகளும் கடற்சிங்கங்களும் ஆராய்ச்சிக்குப் போகும் சிலரும்தான் அங்கே குடி. ஆனாலும் அந்தப் பாறைகளின் பேரில் பெரிய நீர்ப்பரப்பு கணக்கில் ஏறிவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அலமீடா தீவின் மேற்கு நுனி. அலமீடா தீவு விரிகுடாவின் எதிர்க்கரையில், அலமீடா கவுன்டியில் இருக்கிறது. பழைய எல்லைக்கோட்டை விரிகுடாத் தண்ணீரில்தான் வரைந்திருந்தார்கள். பிறகு கடற்படை விமானத் தளத்துக்காக மண்ணைக் கொட்டித் தீவை மேற்கே நீட்டியபோது, நீட்டிய தரை கோட்டைத் தாண்டிவிட்டது. கோடு அசையவில்லை. அதனால் அந்த நுனித் துண்டு இன்றைக்கும் சான் பிரான்சிஸ்கோ கவுன்டி. நடந்தே போய் மிதிக்கலாம், ஆனால் அங்கிருந்து தன் சொந்த நகரத்துக்குப் போக விரிகுடாவைத் தாண்ட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு கடலோரக் கவுன்டிகள் எல்லாவற்றிலும் விளையாடும். சாண்டா பார்பரா தரை 2,735 சதுர மைல், மொத்தம் 3,789. நாலில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். லாஸ் ஏஞ்சலஸ் தரை 4,058, மொத்தம் 4,751. அதனால் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது சான் பிரான்சிஸ்கோவின் வரியை. அங்கே 47 இருந்தால் தரைப் பட்டியல், 232 இருந்தால் மொத்தப் பட்டியல். இந்த ஒரு குறுக்குவழியே பாதி வேலையை முடித்துவிடும்.

இதுவரை கடல். ஏரிதான் இன்னும் வம்பு, ஏனென்றால் அது வரும், போகும்.

மத்தியப் பள்ளத்தாக்கின் தெற்கில் கிங்ஸ் கவுன்டி. தரை 1,389 சதுர மைல், தண்ணீர் வெறும் 2. எண்களைப் பார்த்தால் காய்ந்த கட்டாந்தரை என்றுதான் தோன்றும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அங்கேதான் துலாரே ஏரி இருந்தது. மிசிசிப்பிக்கு மேற்கே அதைவிடப் பெரிய நன்னீர் ஏரி கிடையாது. மலையிலிருந்து வரும் ஆறுகளைப் பாசனத்துக்குத் திருப்பினார்கள், கரை கட்டினார்கள், ஏரிப் படுகையில் பருத்தியும் தக்காளியும் போட்டார்கள். வரைபடத்தில் ஏரி மறைந்து தரை ஆனது. பிறகு 2023இல் அடுத்தடுத்து வந்த புயல்மழையும் சியரா மலையில் உருகிய பனியும் சேர்ந்து ஏரியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டன. 1 லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் நின்றது, பெரும்பகுதி கிங்ஸ் கவுன்டியில். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். ஆக, 150 சதுர மைலுக்கு மேல். கவுன்டியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலம் முழுகிக் கிடந்த அந்தக் கோடையிலும் பட்டியலில் ஏ-வாட்டர் பத்தி 2 சதுர மைல் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்தை எல்லாம் ஏரி என்று எழுத ஆரம்பித்தால் முடிவே கிடையாது. ஆனால் அந்தப் படுகைக்கு அது வெள்ளமா, வீடு திரும்பிய ஏரியா என்பது யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தெற்கே இம்பீரியல் கவுன்டியில் கதை தலைகீழ். 1905இல் கொலராடோ ஆறு ஒரு பாசனக் கால்வாயின் வாயை உடைத்துக்கொண்டு, கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த பள்ளத்தில் பாய்ந்தது. 1907 தொடக்கத்தில்தான் அடைக்க முடிந்தது. அப்படி உண்டானதுதான் சால்டன் கடல் என்ற ஏரி. அதே 1907இல்தான் சான் டியேகோவிலிருந்து இம்பீரியல் கவுன்டியையும் பிரித்தார்கள். கவுன்டியும் ஏரியும் ஒரே பிரசவம் மாதிரி. இப்போது ஏரி வற்றிக்கொண்டே போகிறது. அந்தக் கவுன்டிக்கு உள்ள 300 சதுர மைல் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஏரிதான். அது பின்வாங்கப் பின்வாங்க, யாரும் ஒரு முழம் வாங்காமலே தரைப்பரப்பு கூடும். கூடும் தரை புழுதி பறக்கும் ஏரிப்படுகை என்பதால் அங்கே யாரும் அதைக் கொண்டாடவில்லை.

இனியோ கவுன்டியின் ஓவன்ஸ் ஏரியும் இதே ஜாதிதான். 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 200 மைலுக்கு மேல் கால்வாய் போட்டு ஓவன்ஸ் ஆற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 1920களின் நடுவில் ஏரி காய்ந்தது. சுமார் 110 சதுர மைல் ஏரி. இன்றைக்கு இனியோ கவுன்டி முழுவதற்கும் பட்டியலில் இருக்கும் தண்ணீர் 46 சதுர மைல். மீதித் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால், லாஸ் ஏஞ்சலஸ் குழாய்களைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2000 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவின் தரைப்பரப்பு 1,55,959 சதுர மைல். 2010இல் 1,55,779. பத்து வருடத்தில் 180 சதுர மைல் போய்விட்டது. கடல் எதுவும் விழுங்கவில்லை. கரைக்கோட்டையும் ஏரி விளிம்புகளையும் முன்பைவிட நுணுக்கமாக வரைந்ததில் பல இடங்கள் தரைப் பத்தியிலிருந்து தண்ணீர்ப் பத்திக்கு மாறின. அதனால் வேறு வேறு வருடப் பட்டியல்களை ஒட்டி வைத்து "நிலம் குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம், இந்த எண்கள் எல்லாமே வரைபடத்தைத் தட்டையாக விரித்து அளந்தவை. மலைச்சரிவைத் துணி மாதிரி இழுத்து விரித்து அளந்தால் மலைக் கவுன்டிகள் எல்லாம் இன்னும் பெருக்கும். அப்படி யாரும் அளப்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு?

கவுன்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சூப்பர்வைசர் குழு, தேர்ந்தெடுக்கும் ஷெரீஃப், நிலப்பதிவு, வரி, கோர்ட்டுக் கட்டடம். 19ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயிக்கோ சுரங்கக்காரருக்கோ கவுன்டி என்றால் அந்தக் கோர்ட்டுக் கட்டடம்தான். பத்திரம் பதியவும் வழக்குப் போடவும் அங்கே போய் வர எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் விஷயம். எங்கே ஆள் சேர்ந்தார்களோ அங்கே "எங்களுக்குத் தனிக் கவுன்டி வேண்டும்" என்ற குரல் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் குரல் இல்லை, கோடும் இல்லை.

1850 பிப்ரவரியில், கலிபோர்னியா இன்னும் மாநிலமாகக்கூட ஆகவில்லை (அது செப்டம்பரில்), முதல் சட்டமன்றம் 27 கவுன்டிகளை வரைந்தது. தங்கம் கிடைத்து இரண்டே வருடம். யார் எங்கே தங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தங்கம் தோண்டிய சியரா அடிவாரத்தில் கவுன்டிகள் சீக்கிரமே சின்னச் சின்னத் துண்டுகளாயின. யூபா 632 சதுர மைல், 1854இல் கலவேராஸிலிருந்து பிரிந்த அமடோர் 595. தெற்கில் நேர்மாறு. மரிபோசா என்று ஒரே கவுன்டி 30,000 சதுர மைலுக்கு மேல், மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை "கவுன்டிகளின் தாய்" என்றே சொல்வார்கள். 1852இல் துலாரே பிரிந்தது, 1855இல் மெர்செட், 1856இல் ஃப்ரெஸ்னோ. துலாரேயிலிருந்து 1893இல் கிங்ஸ். பாட்டி, அம்மா, பேத்தி. கொடுத்துக் கொடுத்து மரிபோசாவுக்கு இன்று மிஞ்சியது 1,449 சதுர மைல்.

எல்லாப் பிரிவினையும் பலித்துவிடவில்லை. 1852இல் பௌடா என்று ஒரு கவுன்டியைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். நிலம் எங்கே என்றால், சியராவுக்கு அந்தப் பக்கம், இன்றைய நெவாடாவில்! மத்திய அரசு அந்த நிலத்தை விட்டுக்கொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை. கொடுக்கவில்லை. 1859இல் சத்தமில்லாமல் ரத்து செய்தார்கள். வடக்கே கிளமத் கவுன்டி நிஜமாகவே இருந்தது. தங்கம் குறைந்தது, ஆள் போனார்கள், கடன் மட்டும் மிஞ்சியது. 1874இல் அதைக் கலைத்து ஹம்போல்ட்டுக்கும் சிஸ்கியூவுக்கும் பங்கு போட்டுவிட்டார்கள்.

ஆல்பைன் கவுன்டி மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. 1864இல் வெள்ளிச் சுரங்க மோகத்தில் ஐந்து கவுன்டிகளிலிருந்து துண்டு வாங்கி உண்டான கவுன்டி. நாலைந்து வருடத்தில் வெள்ளி ஏமாற்றிவிட்டது. கவுன்டி மட்டும் நிலைத்துவிட்டது. 738 சதுர மைல் தரையில் 2020இல் இருந்தவர்கள் 1,204 பேர். நகராட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது, மார்க்லிவில் என்ற சிற்றூர்தான் தலைமை இடம். ஆனாலும் ஐந்து சூப்பர்வைசர்கள். ஆளுக்கு 240 பேர் சொச்சம், கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். அதே 2020இல் 1 கோடி மக்களைத் தாண்டியிருந்த லாஸ் ஏஞ்சலஸுக்கும் அதே ஐந்து பேர். ஆளுக்கு 20 லட்சம். 2024இல்தான் அதை ஒன்பதாகக் கூட்ட அங்கே வாக்களித்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோ ஏன் சிறுத்தது என்பது வேறு கதை. தொடக்கத்தில் தீபகற்பம் முழுக்க அதன் கையில்தான் இருந்தது. நகரத்துக்கு ஒரு நிர்வாகம், கவுன்டிக்கு ஒரு நிர்வாகம், இரண்டிலும் ஊழல். 1856இல் இரண்டையும் ஒன்றாக்கி, கிராமமாகக் கிடந்த தென்பகுதியைச் சான் மட்டேயோ என்று வெட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவில் நகரமும் கவுன்டியும் ஒன்றே என்பது இங்கே மட்டும்தான். அந்தச் சான் மட்டேயோ 1868இல் சாண்டா குரூஸிடமிருந்து பெஸ்கடேரோ பக்கத்து நிலத்தை வாங்கிக்கொண்டது. இன்று தரைக்கணக்கில் சான் மட்டேயோ 448, சாண்டா குரூஸ் 445. "இரண்டாவது சிறிய கவுன்டி" என்ற பெயர் சாண்டா குரூஸுக்கு வந்ததே அந்த ஒரு கைமாற்றத்தால்தான்.

மறுமுனையில் சான் பெர்னார்டினோ. 1853இல் பிரிந்தது, தரை 20,057 சதுர மைல். ஏறக்குறைய 52,000 சதுர கிலோமீட்டர். கேரளாவை உள்ளே வைத்தாலும் சுற்றி இடம் மிஞ்சும். சான் பிரான்சிஸ்கோவைப் போல 428 மடங்கு. ரோட் ஐலண்ட், டெலவேர், கனெக்டிகட், நியூ ஜெர்சி ஆகிய நாலு மாநிலங்களையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இதனோடு இனியோ (10,181), கெர்ன் (8,132), ரிவர்சைடு (7,206) மூன்றையும் கூட்டினால், 58இல் நாலே கவுன்டிகள் மாநிலத் தரையில் 29 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வரைபடத்தில் இவை தென்கிழக்கில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் மொஹாவே பாலைவனம். இனியோவின் மேற்கு எல்லையில் 14,505 அடி உயர விட்னி சிகரம், கிழக்கே கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே பேட்வாட்டர் பள்ளம். இரண்டுக்கும் நேர்கோட்டில் 85 மைல்தான்.

சான் பெர்னார்டினோவின் சராசரி நெருக்கம் சதுர மைலுக்கு 109 பேர். இந்த எண்ணை நம்பாதீர்கள், அப்படி ஓர் இடம் அந்தக் கவுன்டியில் இருப்பதாக எனக்குப் படவில்லை. 21.8 லட்சம் பேரில் பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய தென்மேற்கு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். மீதி எல்லாம் பாலைவனம், தேசியக் காப்பகம், ராணுவப் பயிற்சித் தளம். ஐந்தில் நாலு பங்கு நிலம் கவுன்டியின் கட்டுப்பாட்டிலேயே இல்லை, பெரும்பகுதி மத்திய அரசுடையது.

அப்புறம் ஏன் பிரிக்கவில்லை? முயற்சி செய்யாமல் இல்லை. விதிதான் இறுக்கம். பிரிய நினைக்கும் பகுதியில் பெரும்பான்மை கிடைத்தால் போதாது, மொத்தக் கவுன்டியிலும் கிடைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் வடக்கே சாண்டா கிளாரிட்டா பக்கத்து மக்கள் 1976லும் 1978லும் "கேன்யன் கவுன்டி" கேட்டார்கள். உள்ளூரில் ஜெயித்தது, மற்ற பகுதிகளின் வாக்கில் அடிபட்டது. கடைசியில் 1987இல் தங்களுக்கு ஒரு நகராட்சியை மட்டும் வாங்கிக்கொண்டு அமைதியானார்கள். சான் பெர்னார்டினோவின் பாலைவனப் பகுதியை "மொஹாவே கவுன்டி" ஆக்கும் யோசனையும் 1988 வாக்கெடுப்பில் தோற்றது. 2022இல் இன்னும் ஒரு படி மேலே போய், கலிபோர்னியாவை விட்டே போவதைப் பற்றி ஆராயலாமா என்று கேட்டார்கள். அதற்கு நூலிழையில் ஆமாம் என்று வந்தது. ஆராய்வதற்குத்தான், போவதற்கு இல்லை. 1907க்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒரு புதிய கவுன்டிகூடப் பிறக்கவில்லை.

இதெல்லாம் தரையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, சான் பெர்னார்டினோ நகரத்தில் காலையில் காரை எடுத்து பார்ஸ்டோ வழியாக 40ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, 200 மைலைத் தாண்டி, கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்ற ஊரில் இறங்கி டீ குடிப்பீர்கள். எதிர்க்கரை அரிசோனா. கொஞ்சம் வடக்கே போனால் நெவாடா. இவ்வளவு தூரத்தில் ஒரு கவுன்டி எல்லையைக்கூட நீங்கள் தாண்டியிருக்க மாட்டீர்கள்.